பிப்ரவரி 29

பிப்ரவரி 29, கிரெகொரி நாட்காட்டியில் லீப் ஆண்டில் மட்டும் வரும் நாள். ஆண்டின் 60ஆம் நாளான இது 400 ஆண்டுகளில் 97 முறைதான் வருகிறது. லீப் ஆண்டை நெட்டாண்டு என்றும் தமிழில் சொல்வதுண்டு. மற்ற தேதிகள் சூரியனின் சுற்றில் தாமாக வந்து விழுபவை. இந்த ஒரு தேதியை மட்டும் மனிதர்கள் கணக்குப் போட்டு, மீந்துபோன மணிகளைச் சேர்த்து உண்டாக்கினார்கள். அந்தக் கணக்கின் வரலாறு தெரிந்தால்தான் இந்த நாளில் பிறந்தவர்களின் கதையும் முழுதாக விளங்கும். முக்கியமாக, 1896இல் குஜராத்தில் பிறந்த ஒருவருடைய கதையும் 1904இல் மதுரையில் பிறந்த ஒருவருடைய கதையும்.

நாள் பிறந்த கதை

பூமி சூரியனைச் சுற்றிப் பருவங்கள் மறுபடி அதே இடத்துக்கு வர 365 நாட்களும் ஏறத்தாழ 5 மணி 49 நிமிடங்களும் ஆகின்றன. ஆண்டுதோறும் மீந்துவிடும் அந்த ஆறு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம்தான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நூறு ஆண்டுகளில் நாட்காட்டி பருவத்திலிருந்து 24 நாட்கள் விலகிவிடும். விதைப்பு மாதம் என்று ஏட்டில் எழுதியிருக்கும் மாதத்தில் வயலில் வேறு பருவம் நடந்துகொண்டிருக்கும்.

பழைய ரோமானியர்களின் ஆண்டுக்கு 355 நாட்கள். குறையை ஈடுகட்ட அவ்வப்போது பிப்ரவரியைப் பாதியில் நிறுத்தி ஒரு முழு மாதத்தையே நுழைத்தார்கள். எப்போது நுழைப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் குருமார்களிடம் இருந்தது. வேண்டியவர்களின் பதவிக்காலத்தை நீட்டவும் வேண்டாதவர்களுடையதைக் குறைக்கவும் அது பயன்பட்டது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் நுழைப்பதே விட்டுப்போனது. ஜூலியஸ் சீசர் கிமு 46இல் இதைச் சீர்செய்யப் புகுந்தபோது, தவறிப்போன நாட்களையெல்லாம் சேர்த்து அந்த ஓர் ஆண்டையே 445 நாட்களாக நீட்ட வேண்டியிருந்தது. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸ் என்ற வானியலறிஞரின் யோசனைப்படி, அதன்பின் ஆண்டுக்கு 365 நாட்கள், நான்காண்டுக்கு ஒரு முறை கூடுதலாக ஒரு நாள் என்று வகுக்கப்பட்டது.

அந்தக் கூடுதல் நாள் முதலில் மாதக் கடைசியில் சேரவில்லை. ரோமானியர்கள் வரப்போகும் மார்ச் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். அவர்கள் கணக்கில் ஆறாம் நாளான பிப்ரவரி 24 இரண்டு முறை வந்தது. ஆண்டுக்கே ‘இரட்டை ஆறாம் நாள் ஆண்டு’ என்று பெயர் ஏற்பட்டது. பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிய மொழிகளில் லீப் ஆண்டைக் குறிக்கும் சொல் இன்றும் அந்தப் பெயரின் வழிவந்ததுதான். தேதிகளை 1, 2, 3 என்று நேராக எண்ணும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றிய பிறகுதான் ‘29’ என்ற எண்ணே இந்த நாளுக்கு வந்தது.

பிப்ரவரி ஏன் குறுகியது என்பதற்குப் பள்ளிக்கூடங்களில் ஒரு கதை சொல்வார்கள்: ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தன் பெயர்கொண்ட மாதம் ஜூலைக்கு இளைத்ததாக இருக்கக்கூடாது என்று பிப்ரவரியிடமிருந்து ஒரு நாளைப் பறித்துக்கொண்டாராம். இது 13ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ என்ற அறிஞர் எழுதிவைத்த ஊகம். சீசருக்கு முன்பே பிப்ரவரிக்கு 28 நாட்கள்தான். அகஸ்டஸ் செய்தது வேறு, அதுவும் நல்ல காரியம். சீசர் இறந்தபின் குருமார்கள் ‘நான்காண்டுக்கு ஒரு முறை’ என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு மூன்றாண்டுக்கு ஒரு முறை நாளைச் சேர்த்துவந்தார்கள். 36 ஆண்டுகளில் 9 வரவேண்டிய இடத்தில் 12 வந்துவிட்டன. அகஸ்டஸ் சில ஆண்டுகள் லீப் நாளே இல்லாமல் நிறுத்திவைத்து அந்த மூன்று நாட்களையும் கழித்தார்.

சீசரின் கணக்கிலும் ஆண்டுக்குப் பதினொரு நிமிடப் பிசகு இருந்தது. சிறிய பிசகுதான். ஆனால் 128 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் வசந்தச் சமநாள் பத்து நாட்கள் முன்னே வந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளைக் கணிப்பதே தடுமாறியதால் போப் பதின்மூன்றாம் கிரெகொரி 1582இல் திருத்தம் அறிவித்தார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. நூறால் வகுபடும் ஆண்டு, 400ஆலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு என்ற விதி வந்தது. ஆகவே 1600, 2000 ஆகியவற்றில் பிப்ரவரி 29 உண்டு; 1700, 1800, 1900 ஆகியவற்றில் இல்லை. இந்த விதி யாரோ சில வானியலறிஞர்களின் நுணுக்கமாக ஏட்டில் நின்றுவிடவில்லை. ஒரு குழந்தையின் நான்காவது பிறந்தநாளை எட்டாவது வயதுக்குத் தள்ளிவைக்கவும் செய்தது. அதைக் கீழே காண்போம்.

எல்லா நாடுகளும் உடனே மாறவில்லை. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல் மாறின. ரஷ்யா 1918இல், கிரீஸ் 1923இல். ஸ்வீடனின் கதைதான் விசித்திரமானது. 40 ஆண்டுகளுக்கு லீப் நாட்களை விட்டுவிட்டால் சத்தமில்லாமல் புதிய கணக்குக்கு வந்துவிடலாம் என்று திட்டமிட்டு, 1700இல் பிப்ரவரி 29ஐ விட்டார்கள். அதற்குள் பெரும் வடக்குப் போர் மூண்டது. 1704இலும் 1708இலும் விட மறந்தார்கள். ஸ்வீடனின் நாட்காட்டி பழையதோடும் ஒட்டாமல் புதியதோடும் ஒட்டாமல் நின்றது. கடைசியில் பழைய கணக்குக்கே திரும்பிவிடுவோம் என்று மன்னர் பன்னிரண்டாம் கார்ல் முடிவுசெய்ய, 1712இல் ஸ்வீடனிலும் அதன் ஆளுகையில் இருந்த பின்லாந்திலும் பிப்ரவரி 30 என்று ஒரு நாள் வந்தது. அன்று பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதி வாழ்நாளில் மறுபடி வரவேயில்லை.

தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும் நேரத்தில் பிறக்கிறது. மார்கழிக்கு 29 அல்லது 30 நாட்கள், ஆனிக்கு 31 அல்லது 32 என்று மாதங்களே நீண்டும் குறுகியும் மீந்த மணிகளை உள்வாங்கிக்கொள்கின்றன. ஆண்டு 365 நாளோ 366 நாளோ ஆகும். இதுதான் சேர்த்த நாள் என்று ஒன்றைக் காட்ட முடியாது. சந்திரனைப் பின்பற்றும் தெலுங்கு, கன்னட, மராத்தியப் பஞ்சாங்கங்களில் நாளுக்குப் பதில் அதிக மாதம் ஒன்று சேர்கிறது. 1957இல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டி, லீப் ஆண்டில் சைத்ர மாதத்துக்கு 30க்குப் பதில் 31 நாள் கொடுக்கிறது. பிப்ரவரி 29 இக்காலத்தில் மாசி மாதத்தின் நடுப்பகுதியில் விழுகிறது. அன்று பிறந்த குழந்தைக்கு மாசியில் அதன் நட்சத்திரம் வரும் நாளில் கோயிலில் அர்ச்சனை செய்யும் குடும்பத்தில், எந்த ஆண்டும் பிறந்தநாள் விட்டுப்போவதில்லை. விட்டுப்போவது ஆங்கிலத் தேதிதான்.

பழைய நிகழ்வுகள்

இந்த நாளோடு பழைய நூல்கள் இணைத்துப் பேசும் நிகழ்ச்சிகளில் முதன்மையானது 1504ஆம் ஆண்டின் சந்திர கிரகணம். கொலம்பஸ் தம் நான்காவது பயணத்தில், புழு அரித்து ஓட்டையான கப்பல்களை 1503 ஜூனில் ஜமைக்கா கரையில் ஏற்றி நிறுத்தினார். அங்கே வாழ்ந்த தாயினோ மக்கள் மாதக்கணக்கில் அந்தக் கப்பலாட்களுக்கு உணவு கொடுத்தார்கள். ஆட்களில் ஒரு பகுதியினர் கலகம் செய்து ஊர்களைக் கொள்ளையடித்த பிறகு உணவு வருவது நின்றது. கொலம்பஸிடம் ஜெர்மானிய வானியலறிஞர் ரெகியோமொண்டானுஸ் கணித்த பஞ்சாங்க நூல் இருந்தது. பிப்ரவரி 29 இரவு கிரகணம் என்று அதில் கண்டு, ஊர்த்தலைவர்களை அழைத்து, தம் கடவுள் சினந்திருக்கிறார், நிலவு இரத்தநிறமாக எழும் என்றார். சொன்னபடி எழுந்தது. அவர் அறைக்குள் போய் மணற்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்து, கிரகணம் விலகும் நேரம் நெருங்கியதும் வெளியே வந்து, கடவுள் மன்னித்துவிட்டார் என்று அறிவித்தார். உணவு மறுபடி வந்தது. 1504 ஜூன் இறுதியில் மீட்புக் கப்பல் வரும்வரை அவர்கள் பிழைத்திருந்தார்கள்.

இதைச் சமயோசிதத்துக்கு எடுத்துக்காட்டாகச் சிறுவர் நூல்கள் சொல்லிவந்திருக்கின்றன. அரை ஆண்டுக்கு மேல் அந்நியர்களுக்குச் சோறு போட்ட மக்களை, அறிவியல் தெரிந்தவர் அச்சுறுத்திய நிகழ்ச்சி இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடுத்த சில பத்தாண்டுகளில் நோயாலும் கட்டாய உழைப்பாலும் தாயினோ சமூகம் ஏறத்தாழ அழிந்தது. கதை முழுக்க ஐரோப்பியர் எழுதிவைத்ததுதான். அந்த இரவைப் பற்றித் தாயினோக்கள் சொன்னது எதுவும் நம்மை வந்தடையவில்லை.

1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்சில், சேலம் சூனியக்காரி வழக்குகளின் முதல் கைது ஆணைகள் இதே தேதியில் பிறப்பிக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் பெண்கள், மூவரும் பலவீனமான நிலையில் இருந்தவர்கள்: பிச்சையெடுத்து வாழ்ந்த சாரா குட், நோயில் கிடந்த சாரா ஆஸ்பர்ன், அடிமைப் பெண் டிடுபா. சாரா ஆஸ்பர்ன் சிறையிலேயே இறந்தார். சாரா குட் அந்த ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். வழக்குகள் முடிவதற்குள் 19 பேர் தூக்கிலேறினார்கள். 1504, 1692 ஆகிய இரண்டும் பழைய ஜூலியன் கணக்கிலான தேதிகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சேலத்தில் பிப்ரவரி 29 ஆக இருந்த அந்த நாள் பாரிசில் மார்ச் 10.

பிறந்தவர்கள்

இத்தாலிய இசையமைப்பாளர் ஜோவாக்கினோ ரொசினி 1792இல் பெசாரோவில் பிறந்தார். ‘செவில் நகரத்து நாவிதன்’ ஆப்பெரா 1816 பிப்ரவரியில் ரோமில் அரங்கேறிய முதல் இரவில் கூச்சலும் கேலியுமாக முடிந்து, பிறகு உலகப் புகழ்பெற்றது. 37 வயதில் ஆப்பெரா எழுதுவதையே நிறுத்திவிட்டார். 1800இல் லீப் நாள் இல்லாததால், 1868இல் இறந்த அவருக்கு 76 ஆண்டுகளில் உரிய தேதியில் வந்த பிறந்தநாட்கள் 18 மட்டுமே. டாஸ்மேனியாவின் பிரதமராக இருந்த ஜேம்ஸ் மில்ன் வில்சன் 1812 பிப்ரவரி 29இல் பிறந்து 1880 பிப்ரவரி 29இலேயே காலமானார்.

ஹெர்மன் ஹாலரித் 1860இல் அமெரிக்காவின் பபலோ நகரில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 1880ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைக் கையால் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் முந்தையது முடியாது போலிருந்தது. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பயணியின் முடிநிறம், கண்நிறம் முதலிய அடையாளங்களை டிக்கெட்டில் துளையிட்டுக் குறிப்பதைக் கண்ட ஹாலரித்துக்கு ஒரு யோசனை பிறந்தது. ஒரு மனிதருக்கு ஓர் அட்டை. வயது, பாலினம், தொழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. அட்டையின் மேல் கம்பி ஊசிகள் இறங்கும்போது, துளையுள்ள இடத்தில் மட்டும் ஊசி கீழேயுள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொட்டு மின்சாரம் பாயும். எண்காட்டி ஒன்று நகரும். 1890 கணக்கெடுப்பில் 6 கோடிக்கு மேற்பட்ட மக்களை இந்தப் பொறி எண்ணியது. 1896இல் அவர் தொடங்கிய நிறுவனம் 1911இல் வேறு சிலவற்றோடு இணைந்து, 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. இன்றைய கணினித் தொழிலின் வேர்களில் ஒன்று அது.

அந்த வேரிலிருந்து கிளைத்த பொறிகளே இந்தத் தேதியில் இடறுகின்றன. 2012 பிப்ரவரி 29இல் மைக்ரோசாப்டின் அஷூர் சேவை உலகம் முழுவதும் தடைப்பட்டது. ஓராண்டுக்குச் செல்லும் சான்றிதழ் ஒன்றை உருவாக்கும்போது மென்பொருள் ஆண்டில் மட்டும் ஒன்றைக் கூட்டி, இல்லாத ஒரு நாளை, 2013 பிப்ரவரி 29ஐ, முடிவுத் தேதியாக எழுத முயன்றதே காரணம். இன்னொன்றும் உண்டு. 1980களின் புகழ்பெற்ற லோட்டஸ் 1-2-3 கணக்கு மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செலும் அதே பிழையை ஏற்றுக்கொண்டு இன்றுவரை வைத்திருக்கிறது. எக்செலில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றினால் 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். வரலாற்றில் கிரெகொரி கணக்கில் அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை.

அந்த இல்லாத நாளுக்கு உரியவர் மொரார்ஜி தேசாய். குஜராத்தில் இன்றைய வல்சாட் மாவட்டத்தில் பதேலி என்ற சிற்றூரில் 1896 பிப்ரவரி 29இல் பிறந்தார். நான்கு வயதில் அவருக்கு வந்திருக்க வேண்டிய பிறந்த தேதி 1900இல் வரவில்லை. முதன்முதலாக அது வந்தது எட்டு வயதில், 1904 பிப்ரவரி 29இல். அதே நாளில்தான் மதுரையில், பொறியாளர் நீலகண்ட சாஸ்திரியின் குடும்பத்தில் ருக்மிணி பிறந்தார். பிப்ரவரி 29இல் பிறந்த இந்தியர்களில் மிகப் புகழ்பெற்ற இருவரில், ஒருவரின் முதல் பிறந்தநாளில் மற்றவர் பிறந்தார் என்பது இந்தத் தேதியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மொரார்ஜி பம்பாய் மாகாண அரசுப் பணியில் துணை ஆட்சியராக இருந்து, 1930இல் பதவியை உதறிவிட்டுச் சுதந்திரப் போராட்டத்துக்கு வந்தவர். பம்பாய் முதலமைச்சர், நிதியமைச்சர், துணைப் பிரதமர் என்று உயர்ந்தார். மத்திய நிதியமைச்சராக அவர் தாக்கல்செய்த பட்ஜெட்டுகள் 10. அவற்றில் இரண்டை, 1964இலும் 1968இலும், தம் பிறந்தநாளிலேயே தாக்கல் செய்தார் என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதிவருகின்றன. 1968ஆம் ஆண்டுச் செய்தி உண்மை. அன்று அவருக்கு 72 வயது நிறைந்தது. 1964 பற்றிய செய்தி பிழை. 1963 ஆகஸ்டில் காமராஜர் திட்டத்தின்கீழ் மொரார்ஜி அமைச்சரவையிலிருந்து விலகிவிட்டார். 1964 பட்ஜெட்டின்போது நிதியமைச்சராக இருந்தவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதி நிலைத்துவிட்ட தவறு இது.

1976இல் அவருடைய 80ஆவது பிறந்தநாள் காவலில் கழிந்தது. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதும் 1975 ஜூன் 26 அதிகாலையில் கைதான அவர், 1977 ஜனவரியில்தான் விடுதலையானார். இரண்டு மாதங்களில், மார்ச் 24இல், பிரதமராகப் பதவியேற்றார். அப்போது அவருக்கு வயது 81. இந்தியப் பிரதமராக முதன்முதலில் பொறுப்பேற்றவர்களில் அவரைவிட மூத்தவர் இல்லை. 1979 ஜூலையில் ஆட்சி கவிழ்ந்தது. பாகிஸ்தானின் நிஷான்-இ-பாகிஸ்தான், இந்தியாவின் பாரத ரத்னா இரண்டையும் பெற்றார். 1995 ஏப்ரல் 10இல் 99ஆவது வயதில் மறைந்தார். இன்னும் ஓராண்டுக்குள் அவருடைய நூறாவது பிறந்தநாள் உரிய தேதியிலேயே வந்திருக்கும். 23 முறை தம் பிறந்த தேதியைக் கண்டவர்.

ருக்மிணியின் தந்தை பிரம்மஞான சபையில் ஈடுபாடு உள்ளவர். அதனால் குடும்பம் அச்சபை இருந்த அடையாற்றுக்கு வந்தது. 16 வயதில், 1920இல், ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி மணந்தது அன்றைய சென்னையில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்ததுதான் அவரை நடனத்தின் பக்கம் திருப்பியது. உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்ற பொருளில் பாவ்லோவா அவருக்கு அறிவுரை சொன்னார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும், பின்னாளில் பரதநாட்டியம் எனப்பட்ட சதிர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அடையாறு ஆலமரச் சோலையில் ஆடினார். தேவதாசி மரபில் பிறக்காத, பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருவர் பொதுமேடையில் ஆடியது அன்று ஒரு திருப்புமுனை. 1936 ஜனவரியில் தொடங்கிய கலைப்பள்ளி பின்னர் கலாக்ஷேத்ரா என்று பெயர்பெற்று, 1960களில் திருவான்மியூருக்குச் சென்றது. 1993ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

பரதநாட்டியம் அவரால் கௌரவம் பெற்றது என்று சொல்வோர் உண்டு. அந்தச் சொல்லே தவறு என்று வாதிடுவோரும் உண்டு: இசை வேளாளர் குடும்பங்களும் தேவதாசிப் பெண்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலை அது. அதிலிருந்து சிருங்காரத்தை வடிகட்டி அவர் மேல்தட்டு மேடைக்கு ஏற்றதாக மாற்றிவிட்டார் என்பது அவர்கள் விமர்சனம். நடனக் கலைஞர் டி.பாலசரஸ்வதி, சிருங்காரமே இந்தக் கலையின் உயிர் என்று உறுதியாக நின்றார். இந்த விமர்சனம் நியாயமானது. கலைக்களஞ்சியத்தில் ருக்மிணி தேவியின் பெயருக்குப் பக்கத்தில் அது இடம்பெற வேண்டியது. அவர் கட்டியெழுப்பிய பள்ளியில் நட்டுவனார்கள் ஆசான்களாக அமர்ந்து கற்பித்ததையும், நெசவுக்கும் சாயத்துக்கும் அங்கே இடம் கிடைத்ததையும், உ.வே.சாமிநாதையர் மறைந்த மறு ஆண்டான 1943இல் அவருடைய ஓலைச்சுவடிகளுக்காக ஒரு நூலகத்தை அவர் தொடங்கியதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் அந்தச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவரானார்.

1977இல் இந்த இரண்டு பிப்ரவரி 29களும் நேராகச் சந்தித்தன. ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது பிப்ரவரியில் பதவியில் இருக்கும்போதே மறைந்ததால் அந்த இடம் காலியாக இருந்தது. புதிய பிரதமர் மொரார்ஜி, ருக்மிணி தேவியை ஜனாதிபதி வேட்பாளராக்க விரும்பிக் கேட்டார். ஏற்றிருந்தால் இந்தியாவுக்கு 30 ஆண்டுகள் முன்னதாகவே ஒரு பெண் ஜனாதிபதி கிடைத்திருக்கலாம். பிரதமரும் ஜனாதிபதியும் ஒரே தேதியில் பிறந்தவர்களாக இருந்திருப்பார்கள். அவர் மறுத்துவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். ருக்மிணி தேவி 1986 பிப்ரவரி 24இல் மறைந்தார். அவருடைய பிறந்த தேதி கடைசியாக வந்தது 1984இல்; அது இருபதாவது முறை. அதே 1984 பிப்ரவரி 29இல் பிறந்த கோயம்புத்தூர்க்காரர் ஆடம் சின்கிளேர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியில் விளையாடினார்.

இருபதாம் நூற்றாண்டிலும் பின்னரும்

1940 பிப்ரவரி 29 இரவு லாஸ் ஏஞ்சலிசில் ஆஸ்கர் விருது விழா நடந்தது. ‘கான் வித் த விண்ட்’ படத்தில் மேமி என்ற பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் சிறந்த துணை நடிகை விருதைப் பெற்றார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பின நடிகர் அவர். விழா நடந்த அம்பாசிடர் ஹோட்டல் கறுப்பினத்தவரை உள்ளே விடாத இடமாக இருந்தது; தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகே அனுமதி கிடைத்தது. படக்குழுவினர் ஒரு மேசையில் இருக்க, அவருக்குச் சுவரோரம் தனி மேசை போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு அட்லாண்டாவில் நடந்த படத்தின் முதல் காட்சிக்கு அவரால் போகவே முடியவில்லை. இன்னொரு கறுப்பினப் பெண் நடிப்புக்கு ஆஸ்கர் வாங்க 51 ஆண்டுகள் ஆயின. அதே 1940 பிப்ரவரி 29இல் பெர்க்லி நகரில் இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் தம் நோபல் பரிசைப் பெற்றார். போரால் ஸ்டாக்ஹோம் பயணம் முடியாமற்போனதால் ஸ்வீடன் தூதரக அதிகாரி அங்கேயே வழங்கினார்.

1960இல் இந்த நாள் மொராக்கோவுக்கு மாறாத துயரமாயிற்று. இரவு 11.40 மணிக்கு அகாதிர் நகரம் சுமார் 15 விநாடிகள் குலுங்கியது. அளவில் பார்த்தால் அது நடுத்தர நிலநடுக்கம்தான், ரிக்டர் அளவில் 6க்கும் குறைவு. ஆனால் மையம் நகரத்துக்கு நேர்கீழே, அதிக ஆழமில்லாமல் இருந்தது. கட்டடங்கள் பெரும்பாலும் வலுவில்லாத கல்சுவர்கள். ரமலான் மாதம், நோன்பு திறந்து உண்டபின் வீடுகளுக்குள் இருந்தவர்கள் அப்படியே புதைந்தார்கள். 12,000 பேருக்குக் குறையாமல் இறந்தனர். நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பழைய நகரத்தைக் கைவிட்டு, சில கிலோமீட்டர் தெற்கே புதிய அகாதிர் கட்டப்பட்டது. மலைமேலுள்ள பழைய கோட்டைக்குக் கீழே இறந்தவர்கள் இருந்த இடத்திலேயே அடங்கியிருக்கிறார்கள். நாட்காட்டியில் தேதி இல்லாத ஆண்டுகளிலும் அகாதிர் மக்கள் பிப்ரவரி முடிவில் அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

1988இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், இனஒதுக்கல் எதிர்ப்பு அமைப்புகள் முடக்கப்பட்டதைக் கண்டித்து ஊர்வலம் போன பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் பிற மதகுருமார்களும் கைதுசெய்யப்பட்டனர். 1996இல் இதே நாளில் சரயேவோ முற்றுகை முடிந்ததாக போஸ்னிய அரசு அறிவித்தது. 1,425 நாட்கள் நீண்ட முற்றுகை அது. 2020இல் தோகாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டே காபூல் தாலிபான் கைக்குப் போயிற்று.

இந்தியாவில் 2016 வரை மத்திய பட்ஜெட் பிப்ரவரியின் கடைசி வேலைநாளில் தாக்கலானதால், லீப் ஆண்டுகளில் இந்தத் தேதிக்கு ஒரு தனிப் பரபரப்பு இருந்தது. 2008 பிப்ரவரி 29இல் ப.சிதம்பரம் அறிவித்த சுமார் 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடி அவற்றில் மிகவும் பேசப்பட்டது. 2017இலிருந்து பட்ஜெட் பிப்ரவரி முதல் நாளுக்குப் போய்விட்டது. அதே 2008 பிப்ரவரி 29இல்தான் ஐரோப்பாவில் அரிய நோய்கள் தினம் முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அரிய நோய்க்கு அரிய நாள் என்று தேர்ந்தெடுத்தார்கள்; மற்ற ஆண்டுகளில் பிப்ரவரி 28 அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

வழக்கமும் சட்டமும்

பெண் ஆணிடம் மணம் கேட்கலாம் என்ற லீப் நாள் வழக்கம் அயர்லாந்தின் புனித பிரிஜித்தும் புனித பேட்ரிக்கும் செய்துகொண்ட உடன்பாடு என்று கதை உண்டு. பிரான்சில் 1980இல் தொடங்கிய ‘லா பூஜி டு சாப்பர்’ என்ற பத்திரிகை பிப்ரவரி 29இல் மட்டும் வெளிவருகிறது. நான்காண்டுக்கு ஓர் இதழ்.

இந்த நாளில் பிறந்தவருக்கு மற்ற ஆண்டுகளில் எப்போது வயது நிறைகிறது என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் மார்ச் 1. நியூசிலாந்தில் பிப்ரவரி 28. இந்திய அரசு ஊழியர்கள் ஓய்வுபெறும் வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வுபெறுவதால், ஓய்வுத் தேதியில் குழப்பமில்லை. பிப்ரவரி எந்தத் தேதியில் முடிகிறதோ அன்று. வீடுகளில் பெரும்பாலும் 28ஆம் தேதியே கேக் வெட்டிவிடுகிறார்கள்.

அடுத்த பிப்ரவரி 29 வருவது 2028இல், செவ்வாய்க்கிழமை. 2096 வரை நான்காண்டுக்கு ஒரு முறை தவறாமல் வரும். 2100 லீப் ஆண்டு இல்லை. 2096 பிப்ரவரி 29, மொரார்ஜி தேசாயின் 200ஆவது பிறந்தநாள். அன்று பிறக்கும் குழந்தை, அவரைப்போலவே, தன் தேதியை முதன்முதலாகப் பார்க்க எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 2104இல் அது வரும்போது ருக்மிணி தேவி பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்திருக்கும்.